நிலக்கரித் தொழிலாளர் முன் நின்ற பிரசங்கியார்

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேயக் கிறிஸ்தவப் பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்டின் குரல் எவ்வளவு தூரம் எட்டியது என்பதை ஒருவர் நடந்தே அளந்தார். அவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நீதிமன்றப் படிகளின் உச்சியில் நின்று விட்ஃபீல்ட் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். பிராங்க்ளின் ஆற்றை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே போனார். தெருச் சத்தத்தில் சொற்கள் மங்கிய இடத்தில் நின்று, அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து அரைவட்டம் போட்டார். ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று வைத்துக் கணக்கிட்டார். 30,000 பேருக்கு மேல் கேட்கும் என்று விடை வந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது!

அந்தக் குரல் ஒரு சத்திரத்தில் வளர்ந்தது. 1714-இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் பிறந்தவர். இரண்டு வயதில் தகப்பனை இழந்தவர். தாயின் சத்திரத்தில் மேலாடை கட்டிக்கொண்டு எடுபிடி வேலை செய்தார். ஆக்ஸ்போர்டில் பணக்கார மாணவர்களுக்குப் பணிவிடை செய்துதான் படித்தார். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தின் முன்னோடிகளான ஜான், சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் நட்பு அங்கேதான் கிடைத்தது.

என் மனம் திரும்பத் திரும்பப் போவது கிங்ஸ்வுட்டுக்கு. பிரிஸ்டல் நகரத்துக்கு வெளியே இருந்த நிலக்கரிச் சுரங்கப் பகுதி அது. முரடர்கள் என்று ஊரார் அஞ்சி ஒதுக்கிய மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். 1739 பிப்ரவரி மாதக் குளிரில், 24 வயது இளைஞராக, திறந்த வெளியில் அவர்கள் முன் நின்றார் விட்ஃபீல்ட். ஆலயத்துக்கு அவர்கள் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. முதல் நாள் ஏறத்தாழ 200 பேர். அடுத்தடுத்த கூட்டங்களில் ஆயிரக்கணக்கானோர். கரி படிந்த கன்னங்களில் கண்ணீர் வெள்ளை வாய்க்கால்களாய் இறங்கியதை அவரே பதிவு செய்திருக்கிறார். கரிக்கு அடியில் இருந்த முகத்தைப் பார்த்த மனிதர் அவர். அதனால்தான் அவரை நேசிக்கிறேன்.

அதனால்தான் இனிச் சொல்லப்போவது எனக்கு வலிக்கிறது.

அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த ஜார்ஜியாவில் பெத்தெஸ்தா என்ற அநாதை இல்லத்தை அவர் நிறுவினார். அதற்காகவே ஊர் ஊராகக் காணிக்கை திரட்டினார். ஒரு காசும் கொடுப்பதில்லை என்று உறுதியோடு வந்த பிராங்க்ளினே, பிரசங்கம் முடிவதற்குள் மனம் இளகி, பையிலிருந்த செம்பு, வெள்ளி, பொன் அத்தனையும் தட்டில் கொட்டினார். 1740-இல் தென் குடியேற்றங்களின் பண்ணையார்களை விட்ஃபீல்ட் பகிரங்கமாகக் கண்டித்தார்: உங்கள் நாய்களுக்கு மேசையருகே கிடைக்கும் பரிவு உங்கள் அடிமைகளுக்கு இல்லையே என்று கேட்டார். ஆனால் இல்லத்தின் செலவு ஏறியபோது, அடிமைகளின் உழைப்பால் அதை ஈடுகட்டலாம் என்று எண்ணி, ஜார்ஜியாவில் அடிமை முறைக்கு இருந்த தடையை நீக்க வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. 1751-இல் தடை நீங்கியது. அடிமைகளை அவரே வைத்திருந்தார். உயிலில் அவர்களைத் தம் ஊழியத்தை ஆதரித்த ஹண்டிங்டன் சீமாட்டிக்கு எழுதி வைத்தார்.

"அந்தக் காலம் அப்படி" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். என்னால் முடியவில்லை. அவருடைய நண்பர் ஜான் வெஸ்லி அதே நூற்றாண்டில், 1774-இல், அடிமை முறையை எதிர்த்து நூல் எழுதினார். அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும் என்ற நல்ல காரணம்தான் விட்ஃபீல்டின் கண்ணை மறைத்தது என்று நினைக்கிறேன்.

ஏழு முறை அமெரிக்கா போனவர் ஏழாவது பயணத்திலிருந்து திரும்பவில்லை. 1770 செப்டம்பர் 30 அதிகாலையில், நியூபரிபோர்ட்டில், மூச்சுத்திணறலால் மரித்தார். வயது 55. முந்தின இரவு, களைத்துப் படுக்கப் போனவரை வாசலில் கூடிய மக்கள் விடவில்லை. படியில் நின்று, கையிலிருந்த மெழுகுவர்த்தி எரிந்து தீரும்வரை பேசினார் என்கிறார்கள்.

அவர் மறைவுக்குப் பாடப்பட்ட இரங்கற்பாக்களில் ஒன்று பாஸ்டனில் அச்சாகிப் புகழ் பெற்றது. எழுதியவர் பிலிஸ் வீட்லி. சிறுமியாக மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விற்கப்பட்டவர். ஆப்பிரிக்கர்களே, கிறிஸ்து உங்களுக்கும் உரியவர் என்று விட்ஃபீல்ட் அழைப்பதாகவே அந்தப் பாடலில் எழுதினார். அதை எழுதியபோது அவருக்கு வயது ஏறக்குறைய 17. அப்போதும் அவர் அடிமைதான்.