ஏப்ரலிலா ஏவச் சொல்கிறீர்கள்?

அவையோருக்கு வணக்கம்.

‘யதார்த்தவாதி வெகுஜன விரோதி’ என்பார்கள். வெகுஜனம் வரைக்கும் போக வேண்டாம். படித்தவர்களும் திறமைசாலிகளும் பேசிய ஒரு தொலைபேசிக் கூட்டத்தைப் பார்த்தாலே போதும்.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை, கடுங்குளிரில், புளோரிடாவில் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். அதை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் யூட்டாவிலிருந்து நாசாவிடம் சொன்னது இவ்வளவுதான்: வளையத்தின் வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஏவாதீர்கள்.

என்ன வளையம்? பூஸ்டரைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்துதான் பூட்டுவார்கள். மூட்டு ஒவ்வொன்றிலும் சுமார் 7 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு ரப்பர் வளையங்கள். தீ மூட்டியதும் அழுத்தத்தில் மூட்டு இம்மியளவு விரியும். அந்த இடைவெளியை வளையம் உடனே எம்பி அடைக்க வேண்டும். குளிரில் விறைத்த ரப்பர் எம்பாது. குக்கர் கேஸ்கெட் இறுகிப்போனால் ஆவி பக்கவாட்டில் சீறுமே, அதே கதைதான். இங்கே சீறுவது நெருப்பு.

‘அப்புறம் எப்போதுதான் ஏவுவது, அடுத்த ஏப்ரலிலா?’ என்றார் நாசா மேலாளர் ஒருவர். தயோகால் தரப்பு இணைப்பை நிறுத்திவிட்டுத் தனியே கூடியது. பொறியியல் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றி நிர்வாகத் தொப்பியை மாட்டச் சொன்னார் மேலதிகாரி. அரை மணியில் ‘ஏவலாம்’ என்றானது. புளோரிடாவில் இருந்த தயோகால்காரர் ஆலன் மெக்டொனால்ட் அந்த ஒப்புதலில் கையெழுத்திட மறுத்தார். யூட்டாவிலிருந்து இன்னொருவர் போட்டு அனுப்பினார்.

கவனியுங்கள், அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. கேள்விதான் தலைகீழானது. பத்திரம் என்று நிரூபி என்பதுதான் வழக்கம். அன்று, ஆபத்து என்று நிரூபி என்றார்கள். மறுநாள் 73ஆவது வினாடியில் விண்ணோடம் சிதறியது. ஏழு உயிர்.

பொறியாளர்கள் பக்கமும் ஒரு ஓட்டை உண்டு. வளையம் சேதமான பயணங்களை மட்டும் காட்டினார்கள். அதில் 24 டிகிரியில் ஏவியதும் இருந்ததால், குளிருக்கும் சேதத்துக்கும் என்ன தொடர்பு என்று மடக்கிவிட்டார்கள். சேதமில்லாதவற்றையும் சேர்த்து அதுவரை நடந்த 24 பயணங்களையும் வரிசையில் வைத்திருந்தால் படம் பளிச்சென்று தெரிந்திருக்கும்: 19 டிகிரியும் அதற்கு மேலும் 20 பயணங்கள், சேதம் மூன்றில் மட்டும்; அதற்குக் கீழே நான்கு பயணங்கள், நான்கிலும் சேதம்.

விசாரணையில் நடந்ததைச் சொன்ன மெக்டொனால்டை நிறுவனம் பொறுப்பிலிருந்து இறக்கியது. அமெரிக்க காங்கிரஸ் தலையிட்டு அவரைத் திரும்ப உட்கார வைத்தது. பூஸ்டர் மூட்டின் வடிவமைப்பை மாற்றிய பணிக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான்.