செஸ் ஆறு, அக்டோபர் மாசம்

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்க, சேர் நிறைய காலியா இருக்கு.

இன்னைக்கு செஸ்னு ஒரு சின்ன ஆத்த பத்தி பேசலாம்னு. லண்டனுக்கு வடமேற்க சில்டர்ன் குன்றுங்க இருக்கில்ல, அங்க செஷம் ஊர்கிட்ட ஊத்தா கிளம்பி லாட்டிமர், சாரட்னு கிராமங்கள தாண்டி ரிக்மேன்ஸ்வொர்த்ல கோல்ன் ஆத்துல போய் விழுந்துடும், மொத்தமே 18 கிலோமீட்டர்தான் வரும், நம்மாளுங்க பாத்தா வாய்க்கால்னுதான் சொல்லுவாங்க. ஆனா இது சாக் ஆறு. டைனோசர் காலத்துல கடலுக்கடியில கண்ணுக்கு தெரியாத பாசியோட ஓடு படிஞ்சு படிஞ்சு உண்டான வெள்ளை சுண்ணாம்புப் பாறைதான் சாக், அதுக்குள்ள இருந்து ஊறி வர்ற ஆறு உலகத்துலயே இருநூத்து சொச்சம்தான், அதுல பெரும்பங்கு இங்கிலாந்துல.

அக்டோபர்ல போனீங்கன்னா பீச் மரமெல்லாம் செம்பு கலர்ல நிக்கும், மேல ரெட் கைட் பருந்து வட்டமடிக்கும், மழையும் தூறும். ஆறு மட்டும் ஒல்லியா கிடக்கும்! ஏன்னா இப்ப ஓடுறது போன குளிர்கால மழை. வெயில் காலத்து மழைய மரமும் மண்ணுமே குடிச்சிடும், குளிர்ல பெய்யறதுதான் பாறைக்குள்ள இறங்கி மெதுவா சேந்து வசந்தத்துல ஊத்தா மேல வரும். அதுக்கும் நடுவுல வீடுகளுக்கு பம்ப் போட்டு உறிஞ்சுறாங்க, சில வருஷம் செஷம் பக்கம் ஆறு காஞ்சே போயிடுது.

ஊத்துத் தண்ணி வருஷம் பூரா 10 டிகிரி வாக்குல இருக்கும், குளிர்ல உறையாது, அதனாலதான் சாரட்ல வாட்டர்கிரெஸ் கீரை பாத்தி கட்டி வளர்த்தாங்க.

இனிமே டிரவுட் மீனுக்கு முட்டை போடற நேரம். பொட்டை மீன் வாலால கூழாங்கல்ல கிளறி குழி பண்ணி முட்டைய விட்டு மூடும், கல்லு இடுக்குல தண்ணி ஓடிட்டே இருக்கணும், சேறு அடைச்சா முட்டை மூச்சு முட்டி செத்துடும். தண்ணி குறைஞ்சா சேறு நகராது. இதுல இன்னொரு கூத்து, நம்ம இமயமலைச் செடி ஒண்ணு, ஹிமாலயன் பால்சம், 1839ல தோட்டத்துக்கு அழகுன்னு கொண்டு வந்தாங்க, இப்ப இங்க ஆத்தங்கரையெல்லாம் அதுதான், குளிர் வந்ததும் பொசுக்குனு செத்து கரைய மொட்டையா விட்டுட்டு போயிடும், மழைக்கு அந்த மண்ணு நேரா மீன் முட்டை மேல.

அதனால கை குடுக்கணும்னு நினைக்கிறவங்க ஜூன்ல, பூ வர்றதுக்கு முன்னாடி வந்து பிடுங்குங்க. அக்டோபர்ல வந்தா காய் எப்பவோ வெடிச்சு விதை சிதறியிருக்கும்.