யார் தூங்குவது?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, வயல் வேலையை முடித்த களைப்போடு மன்னார்குடிக்கு வந்து இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

அரசும் சட்டமும் இல்லாமல் போகும் நாளில் ஒரு கூட்டத்தைக் காப்பது காவலா, நம்பிக்கையா என்பது தலைப்பு. நம்பிக்கையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய அண்ணன் காவலுக்காக வாதாடினார். ஆறு மாதத்துக்கு அரிசி சேர்த்து வை, எவ்வளவு இருக்கிறது என்று அடுத்த வீட்டுக்குக்கூடச் சொல்லாதே, வேலி போடு, ஆயுதம் வை, கதவைத் தட்டுகிறவனை உள்ளே விடாதே என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு அவரிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த வேலிக்குள் இரவு யார் தூங்குவது?

மனிதன் தூங்காமல் எத்தனை நாள் இருப்பான்? இரண்டு நாள் இருப்பான், மூன்றாம் நாள் நின்றபடியே கண் அயர்வான். ஆகவே காவல் என்றால் முறை வைத்துத்தான் ஆக வேண்டும். முறை வைத்தால், விழித்திருப்பவன் கையில் தூங்குகிறவனின் உயிர் இருக்கிறது. அவனை நம்பாமல் நீங்கள் கண்ணை மூட முடியாது. எதிரணி கேட்கும் காவல், எங்கள் அணி சொல்லும் நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

அண்ணன் சொன்ன வழி புதியதல்ல. 1961-இல் அணு ஆயுதப் போர் வந்துவிடுமோ என்று அமெரிக்கா அஞ்சிக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கீழே பதுங்கு அறை கட்டுவது பெரும் பேச்சாக இருந்த காலம். அப்போது ஜேசு சபைப் பாதிரியார் ஒருவர், குடும்பம் ஒளிந்திருக்கும் அறைக்குள் வலிய நுழைய முயலும் அண்டை வீட்டாரை ஆயுதத்தால் தடுப்பது தவறாகாது என்று பத்திரிகையில் எழுதினார். வேறு குருமார்கள் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்தப் போர் வரவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் நம்மை என்னவாக நினைக்கிறார் என்ற ஐயம், போர் வருவதற்கு முன்பே வேலியைத் தாண்டிப் போய்விட்டது.

நம் ஊருக்கு வருகிறேன். பத்தாயம் நிறைய நெல் வைத்திருந்த வீடுகள் இந்த மண்ணில் இருந்தன. யார் வீட்டுப் பத்தாயத்தில் எவ்வளவு என்பது தெருவுக்கே தெரியும். அறுத்தவரும் சுமந்தவரும் அளந்தவரும் அதே ஊர்க்காரர்கள்தானே! அரிசியை ஒளிக்கலாம், அண்ணே. உலை கொதிக்கும் புகையையும் சோற்று வாசனையையும் எங்கே ஒளிப்பீர்கள்? ஊரே பசித்திருக்கும்போது உங்கள் வீட்டில் மட்டும் குழந்தை அழாமல் தூங்கினால், அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி கஜா. 2018 நவம்பர் 16 விடிவதற்கு முன்பு வேதாரண்யம் பக்கம் கரை கடந்த புயலை இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் கிராமம். விடிந்தபோது தென்னை இல்லை, மின்கம்பம் இல்லை, கைபேசிக் கோபுரம் இல்லை, சாலையும் இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் மின்சாரம் வரவில்லை. சட்டம் ஒழுங்கு எங்கேயோ இருந்தது, எங்களுக்கு எட்டவில்லை. உலகம் நிலைகுலைவது என்றால் என்ன என்று அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். அது ஓடினால்தான் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறும். அதற்கான டீசல் கோயில் மண்டபத்தில் இருந்தது. இரவுக் காவலுக்கு எங்கள் மேலத்தெருவிலிருந்து மட்டும் ஆட்களை வைத்தார்கள். கீழத்தெருவில் இருந்த மக்களைக் கேட்கவே இல்லை. ஏன் என்று இந்த மேடையில் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நான்காம் நாள் காலையில் டீசல் குறைந்திருந்தது. எல்லாருடைய கண்ணும் கீழத்தெருப் பக்கம் திரும்பியது. ஒரு பையனை இழுத்து வந்து மண்டபத்துத் தூணருகே நிறுத்திவிட்டார்கள். என் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பேசுவது எதற்கும் மதிப்பில்லை. மாலைக்குள் உண்மை தெரிந்தது. எடுத்தவர் எங்கள் தெருக்காரர். காவலுக்கு நின்றவர்களிலேயே ஒருவர்.

காவல் இருந்தது, ஐயா. ஆயுதமும் இருந்தது, ஆளுக்கொரு அரிவாள். டீசல்தான் இல்லை.

இந்தத் தஞ்சை மண்ணுக்கு இது பழைய கதை. அந்தக் காலத்தில் ஊரைக் காக்கவென்று காவல்காரருக்குக் கூலி கொடுத்தார்கள். மாடு களவு போனால், துப்புச் சொல்லி மீட்டுத் தர அதற்குத் தனியாகத் துப்புக்கூலி. காவல் கூலியைக் கொடுக்காத ஊரின் மாடுதான் முதலில் காணாமல் போகும் என்ற நிலை பல இடங்களில் வந்தது. காவலைக் கணக்குக் கேட்க ஆள் இல்லையென்றால், காவலே களவாகும்.

நம்பிக்கை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் நம்புவது என்று எதிரணி சித்திரித்தது. நான் அதைச் சொல்லவில்லை. நம்பிக்கை கணக்கில் இருக்கிறது. சுமார் 1100 ஆண்டுகளுக்கு முன் முதலாம் பராந்தகன் காலத்தில் உத்திரமேரூர் சபை கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடவோலையில் சேராது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் சேராது. சொந்தக்காரனைச் சொந்தக்காரன் மறைப்பான் என்பது வரைக்கும் யோசித்தவர்கள் அவர்கள்.

அன்று மாலை எங்கள் ஊரிலும் கணக்கு தொடங்கியது. மாலையில் ஒருமுறை, காலையில் ஒருமுறை டீசலில் குச்சி விட்டு அளப்பது. இரவுக்கு நான்கு பேர், இரண்டு பேர் மேலத்தெரு, இரண்டு பேர் கீழத்தெரு. அளவை நோட்டில் எழுதி இரண்டு தெருக்காரரும் கையெழுத்துப் போடுவது. அந்தப் பையனிடம் ஊர்ப் பெரியவர் மன்னிப்புக் கேட்டார். டீசல் எடுத்தவரை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று பலர் சொன்னபோது, கீழத்தெருப் பெரியம்மா ஒருவர் மறுத்தார். "ஒதுக்கினால் வெளியிலிருந்து வருவான். நம் வழியெல்லாம் அவனுக்குத் தெரியும். எங்கள் ஆளோடு சேர்த்துக் காவலில் போடுங்கள்" என்றார். அப்படியே செய்தார்கள். தண்ணீர் வராத நாள் அதன் பிறகு இல்லை.

அண்ணன் இன்னொன்று கேட்டார். கஜாவின்போது முக்கியச் சாலையோரத்து ஊர்கள் நிவாரண லாரிகளை மறித்து இறக்கிக்கொண்டனவே, உள்ளே இருந்த கிராமங்கள் பட்டினி கிடந்தனவே, அப்போது நம்பிக்கை எங்கே போனது என்றார். உண்மைதான், அந்தக் கடைமடையில் காத்துக் கிடந்தவள் நான். ஆனால் அந்த லாரியை மறித்தது எது? தன் ஊரை மட்டும் பார்க்கும் மனம். வேலி போடுகிறவனின் மனம் அதுதான். 2004-இல் சுனாமி நாகை மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அப்போதும் சில இடங்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வெளியே இருந்த மக்களுக்கு உதவி போய்ச் சேரவில்லை. அதே நாட்களில் நாகூர் தர்கா, இறந்தவர் எந்த மதம் என்று கேட்காமல் அடக்கம் செய்ய இடம் கொடுத்தது. எந்தக் காவல்காரர் அந்த வாசலைத் திறந்தார்?

வாய்க்காலில் தண்ணீர் குறைந்த ஆண்டில் மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் ஒரே மடையில் ஒரே இரவு சேர்ந்து உட்கார்ந்திருப்பதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார், மற்றவர் வரப்பில் தலை சாய்த்திருப்பார். என் அணி கேட்பது அந்த உறக்கத்தைத்தான்.

நடுவர் ஐயா, அந்தக் கஜா நோட்டு என்னிடம் இருக்கிறது. அட்டை ஈரத்தில் ஊறிப்போயிற்று. பாதிப் பக்கங்கள் என் கையெழுத்து. ஏழாம் பக்கத்தில், தூணருகே நிறுத்தப்பட்ட பையனின் கையெழுத்தும் டீசல் எடுத்தவரின் கையெழுத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. உங்கள் மேசையில் வைக்கிறேன்.