சாமி படம் எந்தத் தையலில் விழுகிறது?

(உதகையில் ஆடை வடிவமைப்பு மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். நல்ல பல்கலைக்கழகம் எது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். தரவரிசையை வைத்துச் சொல்லிவிடலாம். என்.ஐ.ஆர்.எஃப். என்ற மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசைப் பட்டியல் 2016 முதல் வருகிறது. கற்பித்தலுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, மாணவர் தேர்ச்சிக்கு 20, எல்லாரையும் சேர்த்துக்கொள்வதற்கு 10, வெளியே இருக்கும் நல்ல பேருக்கு 10. ஆமாம், பேருக்கும் மார்க் உண்டு! அதோடு அந்தப் பட்டியலை மூடிவைப்போம். இதோ ஒரு டி-சர்ட். மார்பில் மயில்மேல் முருகன். இதைப் பிழையில்லாமல் செய்து முடிக்க எத்தனை துறைகளின் கதவைத் தட்ட வேண்டும், தட்டினால் திறக்கிறார்களா என்று பார்த்தாலே பல்கலைக்கழகத்தின் தரம் தெரிந்துவிடும்.

முதல் கதவு கட்டிங் மேசை. துணி முழுக்க உருவம் ஓடும் ஆல் ஓவர் பிரின்ட்டில்தான் வம்பே தொடங்குகிறது. அதை அச்சிடும் உருளை வடிவ ரோட்டரி திரையின் சுற்றளவு வழக்கமாக 64 செ.மீ. அந்த நீளத்துக்குள் ஒரு உருவமோ பலவோ அடங்கி, திரை சுற்றச் சுற்ற அதுவே திரும்பத் திரும்ப விழும். அதன்மேல் மார்க்கர் போடும், அதாவது வெட்ட வேண்டிய பாகங்களை வரைந்து அடுக்கும், கட்டிங் மாஸ்டருக்குக் கவலையெல்லாம் துணி வீணாகக் கூடாது என்பதில்தான். முன்பாகம், பின்பாகம், கை எல்லாவற்றையும் நெருக்கி அடுக்கிவிடுவார். சாமி முகம் எங்கே இருக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. விளைவு, பாதி முகம் சைடு தையலுக்குள் போகும். அதே துணியில் பேன்ட் தைத்தால் உட்காரும் இடத்திலேயே வந்து நிற்கும். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. படம் வரைந்தவரும் மார்க்கர் போட்டவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது.

முதலில் வெட்டி, பிறகு அச்சிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பீஸ் பிரின்ட் என்பார்கள். முன்பாகத்தை மட்டும் பலகையில் விரித்து, கழுத்து ரிப்புக்கு மூன்று அங்குலம் கீழே படத்தைத் தொடங்கலாம். பெரியவர் அளவுக்கு 11, 12 அங்குல அகலம் சரி. அதே திரையைக் குழந்தைச் சட்டைக்கும் வைத்தால் மயில் தோகை இரண்டு பக்கத் தையலிலும் ஏறும், முருகன் பாதம் கால்சட்டைக்குள் போகும். எட்டு அங்குலத்தில் தனித் திரை போட வேண்டியதுதான். ஒவ்வொரு பீஸையும் கையால் வைத்து எடுப்பதால் கூலி கூடும்; அதை விலையில் சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது வேதியியல். டி-சர்ட்டில் அச்சிடும் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மை வேக ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் வேண்டும். அச்சிட்ட துணி பெல்ட்டில் ஓடும் அடுப்பின் முள் 160 காட்டினால் போதாது; மையின் அடிப்பகுதி வரை அந்தச் சூடு இறங்க வேண்டும். இந்த ஊரில் பருத்தி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அந்த ஈரம் ஆவியாகிப் போன பிறகுதான் மைக்குச் சூடு ஏறும். திருப்பூரில் ஓடிய அதே வேகத்தில் இங்கே பெல்ட்டை ஓட்டினால் மேல்தோல் வெந்து அடி பச்சையாக இருக்கும். அச்சை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் வேகவில்லை என்று அர்த்தம். நாலு சலவையில் மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும். கண், புருவம், வேலின் நுனி. கண்ணில்லாத சாமியை யார் உடுத்துவார்?

சட்டத் துறையில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். தேசியக் கொடிக்கு எழுதிய விதி இருக்கிறது. இடுப்புக்குக் கீழே அணியும் உடையில் கூடாது, கைக்குட்டை, உள்ளாடையில் அச்சிடக் கூடாது என்று 2005 திருத்தம் சொல்கிறது. சாமி படத்துக்கு அப்படி அளவு வைத்த விதி கிடையாது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு கெட்ட நோக்கத்தோடு வேண்டுமென்றே புண்படுத்துவதைத்தான் பிடிக்கிறது. கவனக்குறைவான மார்க்கர் அதில் வராது. ஆனால் மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய சின்னம் உங்கள் பிராண்டுக்குப் பதிவாகாது. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் அதை மறுக்கிறது.

இனி யாரும் தட்டாத கதவு. சட்டை பழசானால் எங்கே போகும்? வீட்டில் கரித்துணி. கம்பெனியில் கழித்த பீஸ் பனியன் வேஸ்ட்டாகக் கிலோ கணக்கில் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் கிரீஸ் துடைக்கும். உடைந்த சாமி படத்தை அரசமரத்தடியில் கொண்டுபோய் வைக்கிற ஊர் இது. வரைகிறவர் அதையும் யோசிக்க வேண்டாமா? படத்தைத் தனித் துண்டில் அச்சிட்டுச் சங்கிலித் தையலில் பொருத்தினால், முடிகிற பக்கத்து நூலைப் பிடித்து ஒரு இழுப்பில் கழற்றிவிடலாம்.

இதற்கெல்லாம் பாடம் இந்த மலையிலேயே இருக்கிறது. பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் படகர்கள் வெள்ளை உடுத்திப் போகிறார்கள்; அதில் சாமி உருவம் இல்லை, வெண்மையே போதும். தோடர்களின் பூத்துக்குளி என்ற பூத்தையல் போர்வை வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். பெண்கள் கோடு எதுவும் வரைவதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணி, பின்பக்கத்திலிருந்தே தைக்கிறார்கள். இறந்தவர் உடலைப் போர்த்துவதும் இதே துணிதான். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் அந்தக் கோலத்தையே அச்சிட்டு விற்றால் கண்டுபிடிப்பது சுலபம், திருப்பிப் பாருங்கள். அச்சுக்குப் பின்பக்கம் வெறும் துணி. அதைக் கால்மிதியில் போடலாமா கூடாதா என்று முடிவு சொல்ல வேண்டியவர் தோடர் வீட்டில் இருக்கிறார், டிசைன் ஸ்டூடியோவில் இல்லை.

அவரை வகுப்புக்கு எப்படி அழைப்பது என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வெளியிட்ட 'ப்ரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' நெறிமுறைப்படி அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை தொழில் வல்லவர்களை வைத்துக்கொள்ளலாம். தொழிலில் சிறந்தவருக்குப் பட்டம் கட்டாயமில்லை. கட்டிங் மாஸ்டரையும் தோடர் கைவினைஞரையும் ஒரே வாரத்தில் போடுங்கள். விருந்தினர் என்று சால்வை போர்த்தி அனுப்பிவிடாமல் சம்பளம் கொடுங்கள், மார்க் போடும் உரிமையும் கொடுங்கள். இழை எண்ணுகிற வேலைக்கு ஜன்னலோர வெளிச்சம் வேண்டும். மதியத்துக்கு மேல் மஞ்சு ஏறிவிடும், அதனால் டைம்டேபிளில் அந்த வகுப்பைக் காலை பத்து மணிக்கே வையுங்கள்.