கொட்டேஷனை பின்னாலேர்ந்து படிங்க

வணக்கம். சாட்ஸ்வொர்த்ல, ஃபீனிக்ஸ்ல, டோங்காட்ல, கார்ல போய்க்கிட்டே கேக்கறவங்க, எல்லாருக்கும் வணக்கம். ஸ்டீல் வேலைக்கு வர்ற கொட்டேஷனை எப்படி ஒப்பிட்டு பாக்கிறதுன்னு பேச கூப்பிட்டிருக்காங்க. இதைப் போய் ரேடியோல யார் கேப்பாங்கன்னு வீட்ல ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். கோயில் கமிட்டில இருக்கீங்க, ஹால் கட்டணும், இல்ல சொந்தமா ஒரு வேர்ஹவுஸ் போடணும், மூணு பேர்கிட்ட விலை கேட்டு மூணு காகிதத்தையும் மேசைமேல வச்சுக்கிட்டு முழிக்கிற நாள் உங்களுக்கும் வரும்.

நான் திருச்சிக்காரன். திருவெறும்பூர் பக்கம் ஒரு பட்டறையில வேலை கத்துக்கிட்டு, அப்புறம் இங்க தென்னாப்பிரிக்கா டர்பனுக்கு வந்து இந்த எஸ்டிமேட் வேலையிலயே தலை நரைச்சு போச்சு.

முதல்ல டன் ரேட். எல்லாரும் கேக்கறது அதைத்தான், டன்னுக்கு எவ்வளவு? மீன் வாங்கப் போறீங்க, கிலோ எவ்வளவுன்னு மட்டுமா கேப்பீங்க? முழு மீனா நிறுத்த எடையா, தலை குடல் எல்லாம் எடுத்து கழுவின எடையான்னு கேப்பீங்கல்ல. ஸ்டீலும் அதே கதைதான். தூண், உத்தரம் மட்டும் கணக்கு பண்ணி 18 டன்னுன்னு ஒருத்தர் சொல்வார், இன்னொருத்தர் பிளேட்டு, போல்ட்டு, எல்லாம் சேத்து சொல்வார். தூண் உத்தரத்தோட எடையை நீங்களே பாத்துடலாம், ட்ராயிங்ல 203, 133, 25ன்னு எழுதியிருக்கும், அதுல கடைசி எண் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோங்கறது. 12 மீட்டர் நீளம்னா 300 கிலோ. அவ்ளோதான், இதுக்கு இஞ்சினியர் வேணாம்.

இப்ப நம்ம கோயில் ஹால் கதைக்கு வரேன். எந்த கோயில்னு கேக்காதீங்க, நானும் அந்த கமிட்டில இருந்தவன்தான். மூணு கொட்டேஷன், 18 டன் வேலை. ஒருத்தர் டன்னுக்கு 31,500 ரேண்ட், அடுத்தவர் 38,000, மூணாவது ஆள் 44,000. பொருளாளர் அண்ணன் மொத ஆள் காகிதத்தை தூக்கி காட்டி, முடிஞ்சது, தேங்கா உடைங்கன்னுட்டார்.

நான் சொன்னேன், அண்ணே கடைசி பக்கத்தை திருப்புங்க. நான் எப்பவும் சொல்றது இதுதான், கொட்டேஷனை பின்னாலேர்ந்து படிங்க. முன்பக்கம் லெட்டர்ஹெட்டும் பெரிய எழுத்துல மொத்தமும் இருக்கும், எது எதெல்லாம் சேத்தி இல்லைங்கறது பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கும். அங்க என்ன இருந்துச்சுன்னா, பிளேட்டு போல்ட்டு தனி, கிரேன் வாடகை உங்களோடது, பெயின்ட் ஒரு கை சிவப்பு ப்ரைமர் மட்டும், கால்வனைசிங் கிடையாது, வாட் வரி தனி. கடல் உப்புக்காத்து அடிக்கிற இந்த ஊர்ல ப்ரைமர் மட்டும் போட்டு ஹால் கட்டினா எத்தனை தைப்பூசம் பாக்கும்? 450 டிகிரில உருகின துத்தநாகத்துல முக்கி எடுக்கிற கால்வனைசிங் நம்ம ஸ்பெசிஃபிகேஷன்லயே இருந்துச்சு, அந்தாள் பேசாம விட்டுட்டார்.

சரின்னு ஒரு தாள்ல மூணு பேரையும் கோடு போட்டு பிரிச்சு, யார் எதை விட்டிருக்காங்களோ அதுக்கு ஒரு விலை போட்டு ஏத்தினேன். வாட்டும்தான், அது 2018 ஏப்ரல்லேர்ந்து 15 சதம், சின்ன தொகையா அது? 5 லட்சத்து 67 ஆயிரம்னு தெரிஞ்ச மொத ஆள் 9 லட்சத்து 35 ஆயிரத்துல போய் நின்னார். ரெண்டாவது ஆள் வாட்டை மட்டும்தான் விட்டிருந்தார்னு பாத்தேன், அவர் 7 லட்சத்து 86 ஆயிரத்து சொச்சம். எல்லாரும் அதிகம் அதிகம்னு ஒதுக்கின மூணாவது ஆள் வாட்டோட சேத்தே 7 லட்சத்து 92 ஆயிரம் போட்டிருந்தார். நாங்க ரெண்டாவது ஆளுக்கே குடுத்தோம், அஞ்சாயிரம் சொச்சம் மிச்சம், கமிட்டில எனக்கு ஒரே பேரு.

அந்த பேரு எத்தனை நாள் இருந்துச்சுன்னு கேளுங்க. தூண் நிக்கிறதுக்கு கான்கிரீட்டுக்குள்ள முன்னாடியே போல்ட் பதிக்கணும். ரெண்டாவது ஆள் கொட்டேஷன்ல அதைப்பத்தி ஒரு வரி கூட இல்ல. சேத்தி இல்லைன்னும் எழுதலை, சேத்தின்னும் எழுதலை. பொடி எழுத்தையெல்லாம் படிச்ச நான் எழுதாத எழுத்தை படிக்கலை! ஸ்டீல்காரர் கான்கிரீட்காரர் வைப்பார்னு நினைச்சார், கான்கிரீட்காரர் ட்ராயிங்கை மேலாப்புல பாத்து டேப்பை பிடிச்சு, தானா நாலு நாலு போல்ட்டா வச்சுட்டார். கிரேன் வந்து நிக்குது, மணிக்கணக்குல வாடகை ஓடுது, மொத தூணை இறக்கினா தூண் அடி பிளேட்டு ஓட்டை ஒரு பக்கம் போல்ட்டு ஒரு பக்கம், 35 மில்லிமீட்டர் வித்தியாசம். அங்க இருந்த ஒரு ஆயா, என்னப்பா சாமி தூண் ஏறமாட்டேங்குதான்னு கேட்டாங்க, நான் எங்க மூஞ்சிய வச்சுக்கறது.

பிளேட்டை பட்டறைக்கு திரும்ப கொண்டு போயி, ஓட்டையை பெருசாக்கி, வெட்டின எடத்துல துத்தநாகம் போனதுக்கு மறுபடி பூச்சு அடிச்சு, கிரேனை ரெண்டாவது தடவை கூப்பிட்டு... அந்த அஞ்சாயிரம் எங்க போச்சுன்னே தெரியலை. வேடிக்கை என்னன்னா மூணாவது ஆள் காகிதத்தை அப்புறமா எடுத்துப் பாத்தா, போல்ட்டும், அதை சரியா வைக்கிற தகடு டெம்ப்ளேட்டும் என்னோடதுன்னு தெளிவா எழுதியிருக்கார். அது எங்க இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? மொத பக்கத்துல!

அதனால இப்பல்லாம் விலை கேக்கறதுக்கு முன்னாடியே நானே ஒரு பட்டியல் குடுத்துடறேன், போல்ட், பட்டறைல வெட்டி ஓட்டை போடறதுக்கான ஷாப் ட்ராயிங், லாரி, கிரேன், சைட்ல பெயின்ட் டச்சப், ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஆமா இல்லைன்னு அவங்களே எழுதணும், காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவேன்.

தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு விரல் காட்டுறார். பணம் குடுக்கிற முறையைப் பத்தி பெருசா எழுதி வச்சிருந்தேன், போச்சு. சுருக்கமா சொல்லிடறேன். கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும்னு பாருங்க, ஸ்டீல் விலை ஏறினா யார் தலையில விழும்னு கேளுங்க. பட்டறையில கிடக்கிற ஸ்டீலுக்கு பணம் கேட்டா நேர்ல போய் பாருங்க, உங்க வேலை பேரை பெயின்ட்ல எழுத வைங்க, அப்புறம் குடுங்க. ரிடென்ஷன்னு, கொஞ்சம் பணத்தை கடைசி வரை பிடிச்சு வைக்கிறது ஒண்ணு... சரி சரி, தம்பி ஒரு விரல் ஆக்கிட்டார். வரேங்க, வணக்கம்.