பதினைந்து வயதோடு முடிந்த பள்ளிக்கூடம்: ஜப்பான் நடுநிலைப் பள்ளிகளின் அந்தக் காலம்

[திரையில்: மரத்தால் கட்டிய இரண்டு மாடிப் பள்ளி, பனி கிடக்கும் மைதானம்]

ஜப்பானில் ஒரு நடுநிலைப் பள்ளி. வருஷம் 1955 என்று வைத்துக்கொள்வோம். கடைசி வகுப்பில் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வரும் ஏப்ரலில் இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உயர்நிலைப் பள்ளிக்குப் போவார்கள். மீதிப் பேருக்குப் படிப்பு இதோடு சரி. பதினைந்து வயதில் வேலை.

ஜப்பானியப் பள்ளி என்றாலே சீருடை, மாணவர்களே தரை துடைப்பது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்த மீதிப் பாதியை மறந்துவிட்டுப் பார்த்தால் அந்த நாட்கள் சரியாகப் புரியாது என்பது என் எண்ணம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, 1947இல், புதிய கல்விச் சட்டம் வந்தது. ஆறு வருஷத் தொடக்கப் பள்ளி, மூன்று வருஷ நடுநிலைப் பள்ளி, ஆக ஒன்பது வருஷம் கட்டாயக் கல்வி. சட்டம் வந்த வேகத்துக்குக் கட்டடம் வரவில்லை. குண்டுவீச்சில் எரிந்த நகரங்களில் தொடக்கப் பள்ளியின் ஒரு மூலை, பழைய ராணுவக் கொட்டகை என எங்கே இடம் கிடைத்ததோ அங்கே வகுப்பு. இடமே கிடைக்காத ஊர்களில் திறந்த வெளியில் கரும்பலகையை நிறுத்திப் பாடம் நடத்தினார்கள்.

[திரையில்: வகுப்பறைக் கதவு, வரிசையாக மர மேசைகள்]

சரி, ஒரு நாள் எப்படிப் போகும்? காலணியைக் கழற்றி வாசல் அடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒருவர் அல்லது இருவர் வகுப்புப் பொறுப்பு. ஆசிரியர் நுழைந்ததும் அவர்கள்தான் குரல் கொடுப்பார்கள்: ‘எழுந்திருங்கள், வணங்குங்கள், உட்காருங்கள்.’ கரும்பலகை துடைப்பதும் வகுப்பு நாட்குறிப்பு எழுதுவதும் அவர்கள் வேலை. சனிக்கிழமையும் பள்ளி உண்டு, ஆனால் மதியம் வரைதான்.

குளிர்காலத்தில் அறை நடுவே நிலக்கரிக் கணப்பு எரியும். வீட்டிலிருந்து கொண்டுவந்த அலுமினியச் சாப்பாட்டு டப்பாக்களை அதன்மேலோ பக்கத்துத் தட்டிலோ அடுக்கிவிடுவார்கள். பதினொரு மணி வாக்கில் ஊறவைத்த முள்ளங்கியின் வாசனை அறை முழுக்கப் பரவ ஆரம்பிக்கும். அப்புறம் எங்கே பாடம் கேட்பது? வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையின் டப்பாவைத் திறந்தால் வெள்ளைச் சோறு, நடுவில் உப்பில் ஊறிய ஒரு உமேபோஷி, அவ்வளவுதான். தினமும் அதே இடத்தில் அந்தப் புளிப்புக் காய் பட்டுப் பட்டு, மூடி அரித்து ஓட்டை விழுந்துவிட்டதாக அந்தத் தலைமுறையினர் சொல்வதுண்டு. 1954இல் வந்த பள்ளி உணவுச் சட்டம் 1956இல் நடுநிலைப் பள்ளிகளுக்கும் நீண்டது. ஆனாலும் நெடுநாள் வரை பல நடுநிலைப் பள்ளிகளில் டப்பாச் சோறுதான். உணவு வழங்கிய இடங்களில் ரொட்டியும் பால்பவுடர் கரைத்த பாலும் இருந்தன. அந்தப் பாலை விரும்பிக் குடித்தவர்கள் குறைவு.

[திரையில்: மெழுகுத் தாள், எஃகு எழுத்தாணி, மை உருளை]

இன்னொரு பொருளைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஆசிரியர் அறையில் சாயங்காலம் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அரம்போலச் சொரசொரப்பான இரும்புப் பலகை, அதன்மேல் மெழுகு பூசிய மெல்லிய தாள், கையில் எஃகு எழுத்தாணி. அழுத்தி எழுதும் இடத்தில் மெழுகு உதிர்ந்து மை இறங்க வழி கிடைக்கும். தாளைச் சட்டத்தில் பொருத்தி, மை உருளையை ஓட்டி, ஒவ்வொரு பிரதியாக எடுக்க வேண்டும். சைக்ளோஸ்டைல் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தேர்வுத்தாள், பெற்றோருக்கான கடிதம், மாணவர்கள் நடத்திய வகுப்புப் பத்திரிகை எல்லாம் இப்படித்தான் வந்தன. பிழை வந்தால் மெழுகைப் பூசி அடைத்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

பள்ளி முடிந்ததும் துப்புரவு. குழு குழுவாகப் பிரிந்து, மரத்தரை நடைபாதையில் ஈரத் துணியை இரு கையாலும் அழுத்திக்கொண்டு, இடுப்பைத் தூக்கி ஒரே ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். பனிக்கால வாளித் தண்ணீரில் விரல்கள் சிவந்துவிடும்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலை அதோடு முடியவில்லை. நாற்று நடவுக்காகப் பள்ளிக்கே விடுமுறை விடுவார்கள். தம்பி தங்கையை முதுகில் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தவர்களும் இருந்தார்கள். வராமலே நின்றுபோனவர்களும் இருந்தார்கள்.

[திரையில்: ரயில் நடைமேடை, கையசைக்கும் கூட்டம்]

கடைசி வருஷம் வந்தால் வகுப்பு இரண்டாகிவிடும். மேலே படிக்கப்போகிறவர்கள் நுழைவுத்தேர்வுக்குக் கூடுதல் பாடம் படிப்பார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பள்ளியும் வேலைவாய்ப்பு அலுவலகமும் சேர்ந்து இடம் தேடும். பள்ளி நிறைவு விழா மார்ச்சில். அது முடிந்த கொஞ்ச நாளில், வடகிழக்கு மாகாணங்களிலிருந்து தோக்கியோவின் உயேனோ நிலையத்துக்கு இவர்களுக்கென்றே சிறப்பு ரயில்கள் புறப்படும். பல பிள்ளைகள் சீருடையிலேயே ஏறினார்கள். ஆசிரியர்களும் கூடவே போவதுண்டு. நூற்பாலை, சிறு தொழிற்சாலை, கடை என்று ஒவ்வொருவரையும் முதலாளிகள் வந்து அழைத்துப் போவார்கள். பகலில் வேலை பார்த்துவிட்டு இரவு உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் ஏராளம். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. இந்த ரயில்கள் 1975 வரை ஓடின.

அதற்குள் பள்ளியும் மாறிவிட்டது. போருக்குப் பின் பிறந்த பெருங்கூட்டம் வந்து சேர்ந்தபோது, 1962இல், நாட்டில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மட்டும் சுமார் 73 லட்சம். அதே வருஷம் ‘தொழில்நுட்பமும் இல்லறமும்’ என்ற புதிய பாடம் நடைமுறைக்கு வந்தது. பையன்களுக்கு மரவேலை, எந்திரம். பெண்களுக்குச் சமையல், தையல். இந்தப் பிரிவினை 1993 வரை நீடித்தது ரொம்பவே தாமதம்.

1974இல் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறவர்கள் 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். பசியும் வேலையும் பின்னால் போக, நுழைவுத்தேர்வும் டியூஷனும் முன்னால் வந்து நின்றன. 80களில் பள்ளிக்குள் அடிதடி பெருகியது; முடியின் நீளம், பாவாடையின் நீளம் என்று விதிகளும் இறுகின. பையன்கள் தலையை ஒட்ட வெட்ட வேண்டும் என்ற விதியை எதிர்த்து ஒரு மாணவர் தரப்பு தென் ஜப்பானில் உள்ள குமமோத்தோ நீதிமன்றத்துக்குப் போனது. 1985இல் வந்த தீர்ப்பு, விதி சட்டவிரோதம் ஆகாது என்றது. சனிக்கிழமை வகுப்பு 1992 முதல் படிப்படியாகக் குறைந்து, 2002இல் அரசுப் பள்ளிகளில் முழுதாக நின்றது.

[திரையில்: இரவில் விளக்கெரியும் வகுப்பறை]

அன்றைக்கு வராமலே நின்றுபோனவர்கள் என்ன ஆனார்கள்? பகலில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்காகப் போருக்குப் பிந்தைய வருஷங்களிலேயே சில ஆசிரியர்கள் மாலையில் வகுப்பு நடத்தத் தொடங்கியிருந்தார்கள். அந்த இரவு நடுநிலைப் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. 2016 டிசம்பரில் வந்த ஒரு சட்டம், இப்படிப்பட்ட கல்விக்கு வழிசெய்யும் பொறுப்பை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. 2019 ஏப்ரலில் தோக்கியோவுக்குப் பக்கத்து நகரங்களான கவாகுச்சியிலும் மாட்சுதோவிலும் புதிய இரவுப் பள்ளிகள் திறந்தன. சிறுவயதில் படிக்க முடியாமல் போன முதியவர்களும், வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களும், பள்ளிக்குச் சரியாகப் போகாமலே நடுநிலைப் பள்ளியை முடித்ததாகச் சான்றிதழ் பெற்ற இளைஞர்களும் இப்படிப்பட்ட பள்ளிகளில் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.