சமைக்காத பச்சை பீஃப் ஸ்டேக்: எவ்வளவு எடைக்கு எத்தனை கலோரி? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

முதலில் கேள்வியைப் படித்துவிடுகிறேன். அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார். "வணக்கம் மேடம். ஜிம்முக்குப் போக ஆரம்பித்த பிறகு வாரத்தில் இரண்டு நாள் ராத்திரிக்கு பீஃப் ஸ்டேக் (தடிமனாக வெட்டிய மாட்டிறைச்சித் துண்டு) சாப்பிடுகிறேன். விலாப் பகுதியில் இருந்து வரும் ரிப்ஐ வாங்குவேன், ஒரு துண்டு 12 அவுன்ஸ் வரும். பாக்கெட்டில் 280 கலோரி என்று போட்டிருக்கிறது. கலோரி கணக்குப் போடும் ஆப்பில் தேடினால் பச்சைக்கு ஒரு கணக்கு, சமைத்ததற்கு ஒரு கணக்கு, இரண்டும் ஒட்டவே இல்லை. நான் எதைப் போடுவது? என் மனைவிக்கு இரும்புச்சத்து குறைவு, அவரும் சாப்பிடலாமா? நடுவில் சிவப்பாக விட்டுச் சாப்பிடுவது சரியா?"

நிறைய பேர் கேட்கிற கேள்விதான் தம்பி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்த 280 உங்கள் துண்டுக்குப் போட்ட கணக்கு இல்லை. பாக்கெட்டைத் திருப்பி, சத்து விவரம் போட்டிருக்கும் கட்டத்தின் மேல்வரியைப் பாருங்கள். சர்விங் சைஸ், அதாவது ஒரு பங்கின் அளவு, 4 அவுன்ஸ், 112 கிராம் என்று இருக்கும். எத்தனை சர்விங் என்று எண் வர வேண்டிய இடத்தில் பெரும்பாலும் எண்ணே இருக்காது, "மாறும்" என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை மட்டும் இருக்கும். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒவ்வொரு எடை, அதனால் அப்படி. அங்கேதான் எல்லாரும் சறுக்குவது. உங்கள் 12 அவுன்ஸ் துண்டு மூன்று சர்விங். மூன்றால் பெருக்கினால் 840. ஒரு வேளைச் சாப்பாட்டில் 280-க்கும் 840-க்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த 4 அவுன்ஸ் அமெரிக்க விவசாயத் துறை வைத்திருக்கும் அளவு. பச்சை இறைச்சி 4 அவுன்ஸ், சமைத்தால் 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். 2012 மார்ச்சில் இருந்து அங்கே முக்கியமான இறைச்சித் துண்டுகளுக்குச் சத்து விவரம் கொடுத்தே ஆக வேண்டும். கொத்துக்கறி என்றால் பாக்கெட்டிலேயே அச்சடிக்க வேண்டும். முழுத்துண்டு என்றால் பாக்கெட்டில் இல்லாவிட்டாலும் விற்கிற இடத்தில் ஒட்டியாவது வைக்க வேண்டும். கவுண்டரில் வெட்டி வாங்குபவர்கள் அங்கே சுவரைப் பாருங்கள்.

சரி, கலோரி எங்கிருந்து வருகிறது? பச்சை இறைச்சியில் பாதிக்கு மேல் தண்ணீர். மீதியில் புரதம், கொழுப்பு, கொஞ்சம் தாது உப்புகள். மாவுச்சத்து பூஜ்யம், நார்ச்சத்தும் பூஜ்யம். உயிரோடு இருக்கும்போது தசையில் கிளைகோஜன் என்று கொஞ்சம் மாவுச்சத்து இருக்கும். வெட்டிய பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறிவிடுவதால் லேபிளில் பூஜ்யம் என்று வருகிறது. புரதம் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு கிராமுக்கு 9. புரதம் எந்தத் துண்டை எடுத்தாலும் 100 கிராமுக்கு 18-இல் இருந்து 23 கிராமுக்குள்தான் நிற்கும். கொழுப்பு மட்டும் 3 கிராமில் இருந்து 20 கிராமுக்கு மேல்கூடப் போகும். அதனால் ஸ்டேக்கில் எத்தனை கலோரி என்று என்னிடம் கேட்டால், எந்தத் துண்டு, எவ்வளவு கொழுப்போடு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

தோராயமாகச் சொல்கிறேன், எல்லாமே பச்சை எடைக்கு. ரிப்ஐ 100 கிராமுக்கு 250 கலோரி பக்கம். 4 அவுன்ஸுக்கு 280 சொச்சம், 8 அவுன்ஸுக்கு 570, உங்கள் 12 அவுன்ஸுக்கு 850, ஒரு முழு பவுண்டு என்றால் 1,100-ஐத் தாண்டிவிடும். இடுப்புப் பக்கத்தில் இருந்து வரும் சர்லாயின், ஓரத்தில் மெல்லிசாகக் கொழுப்பு விட்டு வெட்டியது, 100 கிராமுக்கு 200. அதே சர்லாயினில் கொழுப்பை முழுக்க எடுத்துவிட்டால் 130 அளவுக்கு இறங்கிவிடும். வயிற்றுப் பக்கத்து ஃபிளாங்க் ஸ்டேக் 155. பின்தொடையில் இருந்து வரும் ஐ ஆஃப் ரவுண்ட், கொழுப்பு நீக்கியது, 125 பக்கம். முதுகெலும்பை ஒட்டி உள்ளே இருக்கும் டெண்டர்லாயின் மெத்தென்று இருப்பதால் அதில் கொழுப்பு குறைவு என்று நினைப்பவர்கள் அதிகம். ஓரக் கொழுப்போடு வாங்கினால் அதுவும் 240-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மெத்தென்று இருப்பது அந்தத் தசை அதிகம் வேலை செய்யாததால்.

ஜிம் போகிறேன் என்றீர்களே, உங்களுக்கு நான் காட்ட நினைப்பது இதுதான். 8 அவுன்ஸ் ரிப்ஐயில் 42 கிராம் புரதம், 570 கலோரி. 8 அவுன்ஸ் ஐ ஆஃப் ரவுண்டில் 52 கிராம் புரதம், 285 கலோரி. பாதிக் கலோரியில் புரதம் கூடுதலாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ருசி ரிப்ஐக்குத்தான், அதில் நான் வாதாட வரவில்லை. ஆனால் "புரதத்துக்காக ரிப்ஐ சாப்பிடுகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிடித்திருக்கிறது, சாப்பிடுகிறேன் என்று சொன்னால் போதும்.

இப்போது மேசையைப் பாருங்கள். ஒரு ரிப்ஐ துண்டைத் தராசில் வைக்கிறேன். பாக்கெட்டில் கீழே கிடந்த சிவப்புத் தண்ணீரை வடித்துவிட்டேன், அதைச் சேர்த்து எடை போடக் கூடாது. அது ரத்தம் இல்லை, மையோகுளோபின் என்ற தசைப் புரதம் கலந்த தண்ணீர். எடை 338 கிராம் காட்டுகிறது. ஓரத்தில் வெள்ளையாக ஒரு பட்டை சுற்றி வருகிறது, நடுவில் ஒரு கட்டிக் கொழுப்பு உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள். இரண்டையும் கத்தியால் எடுக்கிறேன். எடுத்ததை மட்டும் தனியாக வைத்தால் 40 கிராம். கைப்பிடிகூட இல்லை. ஆனால் இப்படி வெட்டி எடுத்த பச்சை மாட்டுக் கொழுப்பு 100 கிராமுக்கு 670 கலோரி வரும். அப்படியானால் இந்த 40 கிராமில் 270 கலோரி. நாலு இட்லிக்கு மேல் இருக்கிறது இந்த ஓரத்துப் பட்டையில்.

இறைச்சிக்குள்ளேயே நூல் நூலாக ஓடுகிறதே, அந்தக் கொழுப்பை வெட்டி எடுக்க முடியாது. அமெரிக்காவில் பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று தரம் பிரிப்பதில் முக்கியமாகப் பார்ப்பது இந்த நூலைத்தான். பிரைமில் அதிகம், செலக்டில் குறைவு. அதிக விலை கொடுத்து உயர்ந்த தரம் வாங்குகிறீர்கள் என்றால் அதிகக் கலோரியும் சேர்த்தே வாங்குகிறீர்கள். ஆப்பில் "ரிப்ஐ" என்று மட்டும் தேடினால் ஐந்தாறு எண்கள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது பச்சையா, சமைத்ததா. இதில் விதி ஒன்றுதான். பச்சையாக எடை போட்டால் பச்சைக் கணக்கில் போடுங்கள், சமைத்து எடை போட்டால் சமைத்த கணக்கில் போடுங்கள். இரண்டையும் கலந்தால்தான் குழப்பம். சமைக்கும்போது எடையில் கால்வாசி போய்விடும், பெரும்பாலும் தண்ணீர். உங்கள் 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம் துண்டு சட்டியை விட்டு இறங்கும்போது 255 கிராம் ஆகியிருக்கும். அந்த 255-ஐப் பச்சைக் கணக்கில் போட்டால் 640 கலோரி என்று காட்டும், 200 கலோரி காணாமல் போய்விடும். மாற்றி, 340-ஐச் சமைத்த கணக்கில் போட்டால் 980 பக்கம் போய் நிற்கும். தண்ணீர் போனதால் சமைத்த ஸ்டேக்கில் 100 கிராமுக்குக் கலோரியும் கூடும், புரதமும் கூடும். சமைத்ததால் புதிதாகப் புரதம் எதுவும் உண்டாகவில்லை.

என்னைக் கேட்டால் பச்சையாகவே எடை போடுங்கள். லேசாக வாட்டினால் குறைவாகச் சுருங்கும், நன்றாக வேகவைத்தால் மூன்றில் ஒரு பங்குகூடப் போகும். சமைத்த எடை ஒவ்வொரு நாளும் மாறும், பச்சை எடை மாறாது. சட்டியில் உருகி நிற்கும் கொழுப்பை நீங்கள் ஊற்றிக் கொட்டினால் நிஜக் கணக்கு கொஞ்சம் குறையும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வெண்ணெய்தான் கவலை. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் 100 கலோரி. கரண்டியால் மொண்டு மொண்டு மேலே ஊற்றி வாட்டுகிறீர்களே, அதை யாரும் ஆப்பில் போடுவதில்லை. ஓட்டலில் 12 அவுன்ஸ் என்று மெனுவில் போட்டிருப்பதும் சமைப்பதற்கு முன் உள்ள எடைதான். டி-போன் மாதிரி எலும்போடு வருவதற்கு, சாப்பிட்டு முடித்த பிறகு எலும்பை எடை போட்டுக் கழித்துவிடுங்கள். எலும்பில் ஒட்டிய சதையைச் சுரண்டித் தின்பவர் என்றால் கணக்கு இன்னும் சரியாக வரும்.

மற்ற சத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி12, ஜிங்க், நியாசின், செலினியம் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. 8 அவுன்ஸ் சர்லாயினில் ஜிங்க் 9 மில்லிகிராம் பக்கம் வரும், ஆண்களுக்கு ஒரு நாளுக்கு 11 போதும். கால்சியம் பேருக்குத்தான். வைட்டமின் சி, நார்ச்சத்து இரண்டையும் இதில் தேடாதீர்கள், பக்கத்தில் காய்கறி வேண்டும்.

கெட்ட செய்தி கொழுப்பில் இருக்கிறது. உங்கள் 12 அவுன்ஸ் ரிப்ஐயில் மொத்தக் கொழுப்பு 68 கிராம் அளவுக்கு வரும், அதில் கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 28 கிராமுக்குக் குறையாது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இந்த நிறைவுற்ற கொழுப்பு ஒரு நாளுக்கு 13 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது அமெரிக்க இதய சங்கம். கெட்ட கொலஸ்டிரால், அதாவது எல்டிஎல், ஏற்கெனவே கூடுதலாக இருந்தால் ரிப்ஐயை மாதத்துக்கு ஒன்று என்று தள்ளிவையுங்கள். இன்னொன்று, சிவப்பு இறைச்சி வாரத்துக்கு 350-இல் இருந்து 500 கிராமுக்குள், சமைத்த எடையில், இருக்கட்டும் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவும் 2015-இல் சிவப்பு இறைச்சியை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" பட்டியலில் சேர்த்தது. நீங்கள் வாரத்தில் இரண்டு தடவை 255 கிராம் சாப்பிட்டால் 510. எல்லைக் கோட்டில் நிற்கிறீர்கள். வேறு நாட்களில் ஆட்டுக்கறி சாப்பிட்டால் தாண்டிவிட்டீர்கள், அதுவும் இதே கணக்கில்தான் வரும். 8 அவுன்ஸுக்கு இறங்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டேக்கில் இரும்புச்சத்து மலை மாதிரிக் குவிந்து கிடக்கவில்லை. 100 கிராமுக்கு 2 மில்லிகிராம், அவ்வளவுதான். மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களுக்கு அமெரிக்கக் கணக்குப்படி ஒரு நாளுக்கு 18 மில்லிகிராம் வேண்டும். ஆனால் இறைச்சியில் இருப்பதில் நல்ல பங்கு ஹீம் வகை இரும்பு. அது கீரை, பருப்பில் இருப்பதை விட உடம்பில் நன்றாகச் சேரும். கூடவே சாப்பிடும் கீரை, பருப்பின் இரும்பையும் சேரவைக்கும். அதனால் அவருக்குக் கொழுப்பு நீக்கிய ஒரு 4 அவுன்ஸ் துண்டு, பக்கத்தில் எலுமிச்சை பிழிந்த கீரை அல்லது சாலட், சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். அப்புறம், ஹீமோகுளோபின் உண்மையிலேயே குறைவாக இருந்தால் ஸ்டேக்கை நம்பி உட்கார வேண்டாம். டாக்டர் மாத்திரை கொடுத்தால் அதைச் சாப்பிடட்டும், ஏன் குறைகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, நடுவில் சிவப்பு. லேபிளில் "பச்சை" என்று இருப்பது எடைக்கான குறிப்பு, அப்படியே சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. பச்சை மாட்டிறைச்சி சாப்பிடும் வழக்கம் பிரான்சில் உண்டு, எத்தியோப்பியாவில் உண்டு. ஜப்பானில் 2011-இல் யுக்கே என்ற பச்சை பீஃப் சாப்பிட்டு ஐந்து பேர் இறந்த பிறகு அங்கே விதிகளை இறுக்கினார்கள். அடுத்த ஆண்டு பச்சை மாட்டு ஈரலை ஓட்டல்களில் பரிமாறவே தடை போட்டார்கள்.

முழுத்துண்டு ஸ்டேக்கில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும், சூடான சட்டியில் அது செத்துவிடும். கொத்துக்கறியில் மேலே இருந்தது உள்ளே போய்விடுவதால் அதை 71 டிகிரி செல்சியஸ் வரை வேகவைக்கச் சொல்கிறார்கள். ஸ்டேக்குக்கு அமெரிக்க விவசாயத் துறை சொல்வது 63 டிகிரி, இறக்கி மூன்று நிமிடம் விட வேண்டும். அந்தச் சூட்டில் நடுவில் இளஞ்சிவப்பு இருக்கும், அது பரவாயில்லை. அதற்கும் கீழே, ரத்தச் சிவப்பாக, என்றால் அது உங்கள் சொந்த ரிஸ்க். உங்கள் மனைவி கர்ப்பமாக இருந்தால் இளஞ்சிவப்பும் வேண்டாம், முழுக்க வேகட்டும். மெத்தென்று ஆவதற்காக ஊசியால் குத்திய ஸ்டேக்கும் கடையில் வருகிறது. குத்தும்போது மேலே இருப்பது உள்ளே போகும். அப்படிக் குத்தியிருந்தால் பாக்கெட்டில் எழுத வேண்டும் என்று 2016-இல் இருந்து அமெரிக்காவில் விதி இருக்கிறது, அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் விலை அதிகம் இல்லை, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து குத்தாதீர்கள். பக்கவாட்டில் இருந்து நடுவை நோக்கி விடுங்கள். துண்டு ஒரு இஞ்சு கனம்தான் இருக்கும், மேலிருந்து குத்தினால் முனை அடிப்பக்கம் போய் சட்டியின் சூட்டைக் காட்டிவிடும்.